அம்மாயியின் சேமலாப நிதியில் கை வைக்காதீர்கள்

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் பொறியியல் பீடம் எட்டாது. "கொழும்பில் காசு கட்டிப் படிக்க வைக்கச் சொல்கிறார் மச்சான், சேர்" என்றார் அப்பா. காசு? அம்மாயி கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதி.

ஆறுதல் சொல்லத் தொடங்கியவன் அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்தப் பணம் முதல் வருடத்தோடு தீர்ந்துவிடும். மிச்ச வருடங்களுக்கு மச்சான் கட்டுவாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

அதுவரை வாய் திறக்காத மகள் பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்தாள். கொத்மலை ஓயா ஆற்றின் மணல். மழை விட்டபின் கரையில் கறுப்புக் கோடாகப் படிவதை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறாள். வெளிச்சத்தில் சாய்த்தால் நடுவே செம்மணிகள் மின்னின, கார்னெட். "இது மட்டும் ஏன் தனியாக ஒதுங்குகிறது சேர்?"

கனம்தான் காரணம், மகள். சாதாரண மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65; கார்னெட் 3.5க்கு மேல், இல்மனைட், சிர்க்கோன் போன்ற கனிமங்கள் 4.5ஐயும் தாண்டும். லேசானதைத் தண்ணீர் அள்ளிப்போக, கனத்தது தங்கிவிடுகிறது. இந்த ஓயா மகாவலியில் சேர்ந்து திருகோணமலையருகே கடலைத் தொடுகிறது. அதற்கும் வடக்கே புல்மோட்டையில் கரை கறுத்துக் கிடப்பதும் இதே வகைக் கனிய மணலால்தான். கடற்கரை மணலின் பூர்வீகத்தைத் தேடுவதே ஒரு படிப்பு. மணலைச் சலித்து, 2.89 அடர்த்தியுள்ள புரோமோஃபோம் என்ற கனத்த திரவத்தில் இடுவார்கள். குவார்ட்ஸ் மிதக்கும், பாரக் கனிமம் அடியில் இறங்கும். அதைக் கழுவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் முந்நூறு மணல்மணிகள் வரை ஒவ்வொன்றாக இனம் பிரித்து எண்ணுவார்கள். சிலிமனைட் என்ற கனிமமும் கார்னெட்டும் நிறைய வந்தால் நம் மலைநாட்டுப் பாறைகள்மேல் சந்தேகம் விழும். (முற்றல் இலையைப் பொறுக்கித் தள்ளும் பொறுமை வேண்டும். அது இந்த வீட்டில் இருக்கிறது.) அணைகள் மணலை மறித்தபின் எந்தக் கரை மெலிகிறது, துறைமுகத்தை அடைக்கும் மணல் யாருடையது என்ற கேள்விகளுக்கும் இந்த எண்ணிக்கை துப்புக் கொடுக்கும்.

பேராதனை விஞ்ஞான பீடத்தில், பாறை, மணல் பற்றிப் படிக்கும் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், கற்கைக் கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் உண்டு, கனிய மணல் தொழில் உண்டு. இடங்கள் குறைவு, வெயிலில் அலைய வேண்டும், ஆங்கிலம் இல்லாமல் முடியாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

விண்ணப்பத்தில் தெரிவுகளை அவளே எழுதட்டும். மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.