சுவர் எப்போது உடையும்: இரண்டாம் வாரக் கணக்கைப் பாருங்கள்
தம்பி, ஒரு கோடி ஓடு உள்ள சுவரை எல்லாரும் சேர்ந்து போனில் தட்டி உடைக்கும் சோதனை. முதல் வாரம் 6 லட்சம், இரண்டாம் வாரம் 4.2 லட்சம். 17 வாரத்தில், சித்திரைத் திருவிழாவுக்குள், முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படியே போனால் முடியவே முடியாது. வாரத்துக்கு வாரம் 0.7 மடங்காகக் குறைந்தால், முதல் வாரத்தின் 6 லட்சத்தை 0.3-ஆல் (அதாவது 1 கழித்தல் 0.7) வகுத்துப் பாருங்கள்: மொத்தமே 20 லட்சம்தான். நீங்கள் போட்ட 17, முதல் வார வேகம் குறையாது என்று நம்பிப் போட்ட கணக்கு.

விளையாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் மோலிநியூவின் 'கியூரியாசிட்டி' இதே வகைதான்: ஒரு பெரிய கனசதுரத்தை எல்லாரும் சேர்ந்து போனில் தட்டி உடைக்கும் விளையாட்டு. 2012 நவம்பரில் வந்தது, ஆரம்பக் கூட்டத்தில் சர்வரே திணறியது, 2013 மே மாதம் கனசதுரம் திறந்தது. உள்ளே என்ன என்ற ஆவலும், கடைசியாகத் தட்டும் வாய்ப்பு ஒருவருக்குத்தான் என்பதும் ஆட்களை இழுத்தன. (சொன்ன பரிசு, கடைசியாகத் தட்டி வென்ற பையனுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது தனிக்கதை.)

உங்கள் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதைச் சொல்லவே இல்லையே! அப்புறம், மொத்தத்தை மட்டும் பார்க்காமல் தினமும் விடாமல் தட்டுகிறவர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள் குறையவில்லை என்றால் சரிவு 0.7-இல் நிற்காது, மெல்லத் தட்டையாகும். ஆட்டோ கிளிக்கர் (தானாகவே தட்டும் செயலி) போட்டவர்களை முதலில் கழித்துவிடுங்கள். மூன்றாம் வார எண்ணிக்கை வந்ததும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.