மூலிகை, ஒப்பரேஷன், புற்றுநோய்: கேட்டவையும் சொன்னவையும்

ஆஸ்பத்திரி வாட்டுகளுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளர் நான். திருகோணமலைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு, மனிதரில் செய்து பார்த்த ஆய்வுகளை வைத்துப் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியில் இருந்து: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. கனடாவில் இருந்து மாமா மஞ்சள் குளிசை அனுப்பியிருக்கிறார், மிளகுச் சாறும் சேர்ந்ததாம். கொடுக்கலாமா?

கீமோ முடியும்வரை வேண்டாம் தங்கச்சி. கறிக்குப் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், நான் சொல்வது அந்தக் குளிசையைத்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் இருந்து இரத்தத்துக்குப் போவதே மிகக் கொஞ்சம். 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் கணையப் புற்றுநோய்க்காரருக்கு நாளுக்கு 8 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள்; கணக்கில் எடுத்த 21 பேரில் இரண்டு பேருக்குத்தான் பலன் தெரிந்தது, அதில் ஒருவருக்குக் கட்டி சுருங்கிக் கொஞ்ச நாளிலேயே திரும்ப வளர்ந்துவிட்டது. உடம்பில் சேராத குறையைத் தீர்க்கத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள், ஆனால் அதே பைப்பரின் கல்லீரல் மருந்தை உடைக்கிற வேலையையும் மந்தமாக்கும், கீமோ மருந்துகள் பலவும் அந்த வழியால்தான் உடைந்து போகின்றன என்பதால் மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் தங்கிவிடலாம். மஞ்சள் குளிசையால் கல்லீரல் பழுதானவர்களும் உண்டு. போத்தலைக் கையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூதூரில் இருந்து: பட்டிப்பூவில் (நித்தியகல்யாணி) இருந்து கான்சர் மருந்து எடுக்கிறார்களாமே, எங்கள் முற்றம் முழுக்க அதுதான். அவித்துக் குடித்தால் என்ன?

எடுப்பது உண்மைதான் அண்ணா. கனடாவில் ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் 1950களில் இந்தச் செடியைச் சர்க்கரை வியாதிக்காகத்தான் ஆராயத் தொடங்கினார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள்தான் இறங்கின. அதில் வந்தது வின்பிளாஸ்டின், பிறகு வின்கிறிஸ்டின். பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் வின்கிறிஸ்டின்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், ஒரு தடவைக்கு ஏற்றுவதோ வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாது. அந்தச் சின்ன அளவே கால் விரல்களை விறைக்க வைக்கும், மலத்தைக் கட்டிப்போடும். இரத்த நாளத்தில் ஏற்றவேண்டியதைத் தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிரே போய்விடும், அதனால்தான் வின்கிறிஸ்டின் போகும் பையில் எச்சரிக்கை ஒட்டாமல் விடுவதில்லை. நீங்கள் அவிக்கும் சட்டிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குடிக்காதீர்கள்.

தம்பலகாமத்தில் இருந்து: அடுத்த மாதம் ஹேர்னியா ஒப்பரேஷன். காலையில் வெறும் வயிற்றில் பச்சை உள்ளி, பின்னேரம் பரிகாரியாரின் கஷாயம். இரண்டையும் நிறுத்த வேணுமா?

இரண்டையுமே, முடிந்தால் இரண்டு கிழமைக்கு முன்னமே நிறுத்துங்கள் ஐயா. உள்ளி அதிகமானால் இரத்தம் உறைவது பிந்தும். கறியில் கிடக்கிற நாலு பல்லு உள்ளியால் ஒன்றும் ஆகாது. கஷாயத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பரிகாரியாரிடமே ஒரு துண்டில் எழுதி வாங்கி, மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் கொடுங்கள், ஏச மாட்டார்.

கிண்ணியாவில் இருந்து: ஒப்பரேஷன் முடிந்த பிறகு வரும் சத்திக்கு இஞ்சி நல்லதா?

ஓரளவுக்கு. ஐந்து ஆய்வுகளில் இருந்த 363 பேரை ஒன்றாகக் கணக்கிட்டு 2006இல் பார்த்தபோது, ஒரு கிராமாவது இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் 24 மணித்தியாலத்தில் குமட்டலும் சத்தியும் குறைவு. ஆனால் அவர்கள் விழுங்கியது அளந்த இஞ்சித்தூள், அதையும் பெரும்பாலும் ஒப்பரேஷனுக்கு முன்னால் கொடுத்தார்கள். நோன்பு போலப் பட்டினி இருக்கச் சொன்ன நேரத்தில் நீங்களாகவே இஞ்சிப் பிளேன்டி குடித்துவிடாதீர்கள், ஒப்பரேஷனையே தள்ளிப்போட வேண்டி வரும்.

நிலாவெளியில் இருந்து: முள்சீத்தா இலைத் தேநீர் கீமோவை விடப் பலமானதாமே?

இல்லை. ஆய்வுகூடத் தட்டில் புற்றுக்கலம் செத்தது, அவ்வளவுதான். தட்டில் உப்பைப் போட்டாலும்தான் சாகும். குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலையையும் நெடுநாள் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடுதலாகக் காணப்பட்டது, அதனால் நான் வீட்டில் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

சல்லியில் இருந்து: அப்பாவுக்குக் குடல் ஒப்பரேஷன் முடிந்தது, கோப்பி கேட்டு அடம்பிடிக்கிறார்.

சத்திரசிகிச்சை டொக்டர் குடிக்க விட்டுவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஜெர்மனியில் ஹைடல்பேர்க்கில் 80 பேரை வைத்துப் பார்த்தார்கள், கோப்பி குடித்தவர்களுக்கு முதல் மலம் போக ஏறத்தாழ 60 மணித்தியாலம், சுடுநீர் குடித்தவர்களுக்கு 74. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் கோப்பியில் செலவில்லை, கேள்வி தெளிவு, நோயாளிக்கும் சந்தோசம்.

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவி: எங்கள் மருந்துகளை இப்படிச் சோதிக்க எங்கே தொடங்குவது?

புற்றுநோயில் தொடங்காதீர்கள் தங்கச்சி, அதற்கு வருடங்களும் ஏராளமான நோயாளிகளும் வேண்டும். ஒப்பரேஷனுக்குப் பிறகான மலச்சிக்கல், புண் ஆறுவது போல இரண்டு கிழமைக்குள் விடை தெரிகிற ஒன்றை எடுங்கள். ஒரே தோட்டத்து இலை, ஒரே முறையில் காய்ச்சுவது, ஒவ்வொரு தொகுதியிலும் ஈயமும் பாதரசமும் பார்த்த அறிக்கை. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியிட்டபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது, அந்தப் பேச்சு உங்கள் மருந்துக்கு வரக்கூடாது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள், ஒப்பிட இன்னொரு குழு கட்டாயம். நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னமே இலங்கை மருத்துவச் சங்கத்தின் ஆய்வுப் பதிவேட்டில் பதியுங்கள், பலன் வராவிட்டாலும் மறைக்காமல் வெளியிட அதுதான் உங்களைப் பிடித்து வைக்கும். திட்டத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், மருந்து அளவுப் பகுதியை வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.