சொல்லாமல் வந்த சாவா அது?

கேள்வி: 44 வயது அண்ணன் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டால் "விதி முடிஞ்சா போக வேண்டியதுதான்" என்கிறார். பிரஷர் மாதிரி நோய்களால் வரும் சாவுகளையெல்லாம் நிஜமாகவே தடுக்க முடியுமா?

என் சித்தப்பா தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் லெதர் பை தைத்தவர். 52 வயதில் ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போதே வாய் கோணி விழுந்தார். பக்கவாதம். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "திடீர்னு இப்படி ஆயிடுச்சே" என்றார்கள். நானும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் பெட்டியைக் கிளறியபோது ஒரு பழைய டாக்டர் சீட்டு கிடைத்தது. ஏழு வருடத்துக்கு முந்தையது. பிரஷர் 160/100 என்று எழுதியிருந்தது. மூன்று மாதம் மாத்திரை போட்டாராம். தலைவலிகூட இல்லையே என்று விட்டுவிட்டாராம். சித்தி சொன்னார். வலியே இல்லாத நோய்க்கு யார்தான் தினமும் மாத்திரை விழுங்குவார்கள்? அதுதான் இதில் உள்ள சூது. வலிக்காமலேயே மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றிலும் ரத்தக்குழாயைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் மாவா என்கிற புகையிலைப் பாக்கு. 2012-லேயே மகாராஷ்டிராவில் குட்கா தடை. ஆனால் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிய பொட்டலம் அவர் சட்டைப் பையில் இல்லாத நாள் கிடையாது. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. சோற்றுக்கு அப்பளம், ஊறுகாய், ஊரிலிருந்து வரும் கருவாடு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் அது மதியச் சாப்பாட்டோடு தாண்டிவிடும்.

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது. ஆனால் 2021-ல் உலகம் முழுக்க, பக்கவாதம், மாரடைப்பு மாதிரி தொற்றாத நோய்களால் இறந்த சுமார் 4.3 கோடிப் பேரில் 1.8 கோடிப் பேர் 70 வயதைத் தொடாதவர்கள். அத்தனை பேர் தலையிலும் ஒரே மாதிரி எழுதியிருந்ததா? பிரஷரின் மேல் அளவில், அதாவது 160/100 என்றால் அந்த 160-ல், 10 குறைத்தாலே பக்கவாத அபாயம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அண்ணனிடம் விதியைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள், தோற்றுப்போவீர்கள். பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போய் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், போதும். மாத்திரை பிடிக்கவில்லையென்றால் டாக்டர் மாற்றித் தருவார். அவராக நிறுத்தக் கூடாது.

எனக்கு இப்போது 41. போன மாதம் 138/88. சித்தி ஊறுகாய் ஜாடியை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். நான் போனால் மட்டும் "பிள்ளைக்குப் பிடிக்குமே" என்று இறக்குகிறார். அதற்குத்தான் வழி தெரியவில்லை.