தள்ளியவர் பெயர் எங்கே?

கேள்வி: புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். சிலைகளும் பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலிகளும் பார்த்தார்கள். சாதாரண மக்களின் வாழ்க்கை மாறிய கட்டங்களை எங்கே காட்டுவது? (கடலூர் வாசகி)

பதில்: அம்மா, அந்தக் கட்டடத்திலேயே தொடங்கலாம். அங்குள்ள ‘பூஸ் பூஸ்’ வண்டியின் முன்பக்கத்தில், அமர்ந்து செல்பவர் கையால் திருப்புவதற்கு ஒரு கம்பி உண்டு. பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டே வரவேண்டும். திசையைத் தீர்மானித்தவர் ஒருவர், உழைத்தவர் இன்னொருவர் என்பதை அந்த வண்டியே சொல்லிவிடுகிறது.

அடுத்து, வில்லியனூரைத் தாண்டி கீழூருக்குச் செல்லுங்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பகுதிகள் இந்தியாவுடன் இணையவும், 8 பேர் எதிராகவும் வாக்களிக்க, அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது. நினைவிடம் சிறியதுதான், ஆனாலும் நகரத்துப் பெரிய கூடங்களைவிட அதையே முதலில் பரிந்துரைப்பேன். பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்காமல் பிரதிநிதிகள் மட்டும் ஏன் வாக்களித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

என் மனக்குறை ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தத் தொழிலாளர் இயக்கத்தின் பலனாக, எட்டு மணி நேர வேலை 1937இல் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிற்சங்கத்தார் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆனால் ஓர் ஊரின் வேலை நேரத்தையே மாற்றிய போராட்டத்துக்கு, மாலையும் முழக்கமும் ஓய்ந்த மறுநாளும் பிள்ளைகள் நின்று பார்க்க முழுமையான ஒரு காட்சிக்கூடம் வேண்டும். தறி, சம்பளச் சீட்டு, சங்கத்தின் துண்டறிக்கை ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதைக் கையாண்டவரின் பெயரையும் எழுதினால் போதும்.

புதுச்சேரியில் கடலூர் சாலையில் உள்ள ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே பணியாற்றியவர்கள் உங்கள் பகுதியிலும் இருப்பார்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்களில் ஒருவருடன் பேசவையுங்கள். அடையாள அட்டையோ பழைய படமோ வைத்திருந்தால், அதை நாளும் பெயரும் குறித்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.