சிறையிலிருந்து வரும் மகனைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஹெரோயின் வழக்கில் தண்டனை பெற்ற என் மகன் அடுத்த மாதம் மட்டக்களப்புச் சிறையிலிருந்து வருகிறான். வாசலிலிருந்தே தனியார் போதைச் சிகிச்சை நிலையமொன்றுக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லி ஒருவர் 75,000 ரூபா முற்பணம் கேட்கிறார். நகையை அடகு வைக்கவா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம் அம்மா. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் இந்தச் சிகிச்சை இலவசம். அங்கே போகத் தரகர் எதற்கு?

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் அடையாள அட்டையை வாங்குவார்கள், பிறகு வெற்றுத்தாளில் தாயின் கையொப்பத்தை. அதன்பின் மகனுடன் தொலைபேசியில் பேசவும் விடமாட்டார்கள். அடித்துத் திருத்துகிற இடத்துக்குப் பெயர் சிகிச்சை நிலையம் அல்ல. தனியார் நிலையத்துக்கு உரிமம் வேண்டுமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து, நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்கும் தரகரோடு மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

விடுதலையாகி முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. மாதக்கணக்கில் தூள் எடுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஆசைக்கு ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, குறட்டை விட்டுக் கிடந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது சிறைச்சாலை நலன்புரி அதிகாரியைச் சந்தித்து, உள்ளே கொடுத்த மருந்து விபரத்தைக் கடிதமாகக் கேளுங்கள். சிறையும் வைத்தியசாலையும் ஒரே நகரில்தான் இருக்கின்றன. இருந்தும் ஒரு துண்டுக் காகிதத்தை இங்கிருந்து அங்கே சேர்க்க ஒரு தாய் அலைய வேண்டியிருக்கிறது. பையில் இரண்டு சாரத்தோடு பையனை வெளியே விட்டால் கடமை முடிந்தது என்று எத்தனை காலத்துக்கு நினைப்பார்கள்? உங்கள் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும் இப்போதே பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஹெரோயினை நிறுத்தும்போது உடம்பு படாத பாடு படும், ஆனாலும் உயிர் போவது அரிது. மது அப்படியல்ல. வெளியே வந்தவன் தூளை விட்டுவிட்டுத் தினமும் கசிப்பில் விழுந்திருந்தால், அறையில் பூட்டித் திடீரென நிறுத்தாதீர்கள். கை நடுங்கும், வியர்க்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்களோடு பேசலாம். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நூலைப் பிறகு கட்டலாம், முதலில் வைத்தியசாலை. அங்கே நடுக்கத்துக்கு மருந்தும் விற்றமின் பி1 ஊசியும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள்.

விடுதலைத் திகதி தெரிந்ததும் உளநலப் பிரிவின் கிளினிக் எந்த நாளில் என்று விசாரித்து வையுங்கள். அன்று காலை நீங்களோ அவனுடைய மாமாவோ சிறை வாசலுக்குப் போங்கள். களுவாஞ்சிகுடி பஸ்ஸில் ஏறுமுன் அவனுக்குக் கிளினிக் கொப்பி போட்டுவிடுங்கள்.