ப்ராக்ஸி வழியாக மட்டுமே நெட்: கேள்வி பதில்

கேள்வி: சார், சின்ன ஆபீஸ். எல்லாரோட நெட்டும் ஒரே மெஷின் வழியாப் போக ஸ்குவிட்ங்கற ப்ராக்ஸி சாஃப்ட்வேர் போட்டு, குரூப் பாலிசியில் (எல்லா விண்டோஸ் மெஷினுக்கும் ஒரே இடத்துலேர்ந்து செட்டிங் போடறது) எல்லாருக்கும் ப்ராக்ஸி அட்ரஸ் கொடுத்தாச்சு. பசங்க அதை எடுத்துட்டு நேரா நெட்டுக்குப் போறாங்க. செட்டிங்கை எப்படிப் பூட்டறது?

பதில்: பூட்டலாம். ஆனா பென்டிரைவ்ல வேற ப்ரவுசரைக் கொண்டுவர்றவரை அது தடுக்காது. வேலை ஃபயர்வால்லதான் இருக்கு. உள்ளேயிருந்து வெளியே போற 80, 443 போர்ட்டை (வெப்சைட் ட்ராபிக் போற வாசல்) எல்லாருக்கும் மூடிட்டு, ஸ்குவிட் மெஷினோட ஐபிக்கு மட்டும் திறங்க. செட்டிங்கை எடுத்தவருக்கு நெட்டே வராது, அவரே திரும்பப் போட்டுக்குவார்.

மூடறதுக்கு முன்னாடி சில நாள் லாக் மட்டும் எடுத்துப் பாருங்க. விரல்ரேகை மெஷின், சிசிடிவி பெட்டி, கணக்கு சாஃப்ட்வேரோட லைசென்ஸ் இதெல்லாம் ப்ராக்ஸின்னா என்னன்னே தெரியாம நேரா வெளியே பேசிட்டிருக்கும். அதுங்களுக்கு, போற இடத்தைக் குறிப்பிட்டுத் தனி விதி எழுதணும். இல்லேன்னா திங்கட்கிழமை காலையில அட்டெண்டன்ஸ் ஏறலைன்னு முதல் போன் உங்களுக்குத்தான்.

கேள்வி: ரெண்டு போர்ட்டும் மூடிட்டேன். யூடியூப் இன்னும் ஓடுதே?

பதில்: போர்ட்ல டிசிபி, யுடிபின்னு ரெண்டு வகை ட்ராபிக் போகும்; நீங்க டிசிபியை மட்டும் மூடியிருப்பீங்க. க்ரோம் க்விக்ங்கற (QUIC) புது முறையில போகும், அது யுடிபி 443. அதையும் மூடுங்க. ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) இருக்கான்னும் பாருங்க. விதியெல்லாம் ஐபிவி4க்கு மட்டும் எழுதிட்டு அதை மறந்துடறது சகஜம்.

கேள்வி: ட்ரான்ஸ்பேரன்ட் ப்ராக்ஸி (ப்ரவுசர்ல எதுவும் போடாம ட்ராபிக்கை நடுவுலயே பிடிக்கறது) போட்டா செட்டிங் தொல்லையே இல்லையே அண்ணே?

பதில்: குறியாக்கம் இல்லாத எச்டிடிபி காலத்துல சரி. இப்ப எச்டிடிபிஎஸ்ல சைட் பேர்தான் தெரியும், உள்ளே எந்தப் பக்கம்னு தெரியாது. குறியாக்கத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்னா உங்க சர்ட்டிபிகேட்டை ஒவ்வொரு மெஷின்லயும் ஏத்தணும். பேங்க் சைட்டை அப்படிப் பிரிக்கறது வம்பு. அதோட, நடுவுல ப்ராக்ஸி இருக்கறதே ப்ரவுசருக்குத் தெரியாததால 407ங்கற பதிலை அனுப்பி லாகின் கேட்க முடியாது; யார் போனாங்கன்னு ஐபியை வெச்சு ஊகிக்க வேண்டியதுதான். நேரா சொல்லிப் போடற ப்ராக்ஸிதான் என் கட்சி.

கேள்வி: லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனா நெட் வரலைங்கறாங்க.

பதில்: ப்ராக்ஸி அட்ரஸை நேரடியாப் போடாம பிஏசி கோப்பு (எதுக்கு ப்ராக்ஸி, எதுக்கு நேரான்னு ப்ரவுசருக்குச் சொல்ற சின்ன ஸ்கிரிப்ட்) கொடுங்க. அதை ஆபீஸ் சர்வர்லயே வெச்சா, வீட்டுல கிடைக்காது, ப்ரவுசர் நேரா போயிடும். ஆபீஸ்ல நேரா போக ஃபயர்வால் விடாது. கோப்போட முகவரியை குரூப் பாலிசியிலயே எழுதிடுங்க. அந்தக் கோப்பை நெட்வொர்க்ல தானா தேடிக் கண்டுபிடிக்கற டபிள்யூபிஏடி (WPAD) வேண்டாம். வெளி வைஃபையில எவனாவது "நான்தான் ப்ராக்ஸி"ன்னு பதில் சொன்னா லேப்டாப் நம்பிடும். அதனாலதான் விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரே (பேருக்கு ஐபி முகவரி சொல்றது) wpadங்கற பேருக்கு இயல்பா பதில் தர்றதில்லை.

கேள்வி: ப்ரவுசர் ஓடுது, விண்டோஸ் அப்டேட் மட்டும் நிக்குது.

பதில்: அது வின்எச்டிடிபி (விண்டோஸோட பின்னணி வேலைகள் நெட்டுக்குப் போற பகுதி) செட்டிங்கைப் பார்க்கும், ப்ரவுசரோடதை இல்லை. நெட்ஷெல் (netsh) கமாண்ட்ல தனியா ப்ராக்ஸி கொடுக்கணும்.

கேள்வி: சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்ல போனா?

பதில்: அந்த ட்ராபிக் உங்க ஃபயர்வால் பக்கமே வராது. டெஸ்க்டாப்ல வைஃபையை அணைச்சு வைக்கலாம், மத்தது எச்ஆர் வேலை.