கடலில் மறையாத சூரியனுக்கு 32,000 ரூபாயா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், வேலை சென்னையில். ஐந்து வருடமாகப் பழகும் பெண்ணிடம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நவம்பரில் புதுச்சேரி கடற்கரையில் வைத்துக் கேட்கப் போகிறேன். அவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, ஆனால் அந்த நிமிடம் போட்டோவில் வர வேண்டும். ஒரு ஸ்டூடியோவில் ‘சன்செட் ப்ரபோசல் பேக்கேஜ்’ 32,000 ரூபாய் என்கிறார்கள். பூ ஆர்ச், விளக்கு, ட்ரோன், ஆல்பம் எல்லாம் அதில் அடக்கம். பாதிப் பணம் அட்வான்ஸ், எந்தக் காரணத்துக்காகவும் திரும்பக் கிடைக்காதாம். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடலூர்க்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? நம் பக்கம் சூரியன் கடலில் எழும்புமே தவிர, கடலில் மறையாது. சாயங்காலம் அது ஊருக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவில் இறங்கிவிடும். அவர்கள் காட்டிய படத்தில் கடலுக்கு மேலே செக்கச்சிவந்த சூரியன் இருந்தால், ஒன்று அது விடியற்காலைப் படம், இல்லையென்றால் கோவா பக்கம் எடுத்தது. “புதுச்சேரியில் சாயங்காலம் எடுத்த ஒரு ஜோடியின் மொத்தப் படங்களையும் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படம் போதாது.

விடியற்காலைதான் நமக்கு வாய்த்த வெளிச்சம். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் இடத்தில் இருந்தால் போதும். சாயங்காலம்தான் வேண்டுமென்றால் பௌர்ணமியைப் பாருங்கள். சூரியன் இறங்கும் நேரத்துக்கு நிலா கடலிலிருந்து ஏறும்.

இடம்? காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலையில் பெரும்பாலும் பாறைதான். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள், பூ ஆர்ச்சைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். பாரடைஸ் பீச்சுக்குச் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போவதால் விடியலுக்கு ஒத்துவராது. நல்ல அகலமான மணல் உங்கள் ஊர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலேயே இருக்கிறது. என்ன, நீங்கள் முழங்காலிடும்போது யாராவது மாமா வாக்கிங் வந்து, “எப்பப்பா ஊருக்கு வந்தே?” என்பார்.

ஆர்ச்சும் விளக்கும் வேண்டாம் என்பேன். தூரத்தில் பார்த்தாலே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். ட்ரோனும் அப்படித்தான், தலைக்கு மேல் ரீங்காரமிட்டுக் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, கடற்கரைச் சாலை லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் வருகிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி அங்கே அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்பவரிடம் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஜூம் லென்ஸ் வைத்திருக்கும் ஒரு போட்டோகிராபரின் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். முதல் நாளே நீங்களும் போட்டோகிராபரும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். அவர் நாற்பது ஐம்பது அடி தள்ளி, கடலைப் படமெடுப்பவர் போல நிற்கட்டும். கேமரா பக்கம் இருக்கும் காலை மண்டியிடுங்கள். மற்ற காலை மண்டியிட்டால், தூக்கி நிற்கும் முழங்கால் மோதிரத்தை மறைத்துவிடும். கேட்டதும் எழுந்துவிடாதீர்கள், அந்தப் பெண்ணின் முகம் மாறுவதற்கு நேரம் கொடுங்கள்.

இனி காகிதம். என் அக்கா மகனுக்கு ஒரு ஸ்டூடியோவில் நவம்பர் மழையில் அட்வான்ஸ் மொத்தமும் போனது. அவனிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் ‘ஓகே’ மட்டும். நீங்கள் பிடித்திருப்பதும் அதே வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை வந்தால் மாற்றுத் தேதி, அவர்கள் வராவிட்டால் முழுப் பணம், படம் தரும் தேதி, இவற்றை எழுதி வாங்குங்கள். பில்லும் வாங்குங்கள். ‘எந்தக் காரணத்துக்கும் ரீஃபண்ட் இல்லை’ என்று எழுதிவிட்டதாலேயே அவர்கள் தப்பிவிட முடியாது. சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம், இரண்டு வருடத்துக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

பலர் கவனிக்காத ஒன்று: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். பொடி எழுத்தில் ‘படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கு’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் வரை எங்கேயும் போடக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். பெண்ணின் அப்பாவுக்கு இந்தச் செய்தி ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராமிலிருந்து போய்ச் சேர வேண்டாம், தம்பி.